அமர்வோர் தீவின் அதிகாரபூர்வ வரலாறு

ஒரு தீவின் வரலாறு என்பது, அதை எழுத நியமிக்கப்பட்டவர் தண்ணீரில் மூழ்குவதற்குள் எழுதி முடிக்கப்பட வேண்டிய மகத்தான பணி. உலகம் இதை இன்னும் உணரவில்லை. தொன்மைத் துறை உணர்ந்திருந்தது.

அதனால்தான் காயலின் நட்டநடுவில், துறைக்குச் சொந்தமான படகில், வரலாற்றை எழுத நியமிக்கப்பட்ட, 'அடிக்குறிப்பு' என்று எல்லோரும் அழைத்த மனிதர், இடது கையில் பிளாஸ்டிக் குவளையுடன் தண்ணீரை மொண்டு மொண்டு வெளியே கொட்டிக்கொண்டும், வலது கையால் முழங்கால் மேல் வைத்த அட்டையில் முதல் அத்தியாயத்தை எழுதிக்கொண்டும் இருந்தார்.

"எழுதுங்க," என்றார் துறையின் இயக்குநர். அவர் படகின் உயரமான பலகையில், காலணிகளைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, சிம்மாசனத்தில் இருப்பவர் போல வீற்றிருந்தார். "'ஆதியில் இத்தீவுக்கு எழுந்தருளிய அருளாளர், காயலின் மேல் நடந்தே வந்தார்.'"

"சார், தண்ணி கணுக்கால் வரைக்கும் வந்துருச்சு."

"பிரமாதம். 'காயல் அவருடைய கணுக்கால்வரை எழுந்து வணங்கியது.' போட்டுக்கோங்க."

அடிக்குறிப்பு போட்டுக்கொண்டார். ஒரு குவளை மொண்டு கொட்டினார்.

படகு ஒழுகியதற்குத் துறையைக் குறை சொல்ல முடியாது. படகு மிகப் பழையது. பழைய பொருளை மாற்றியமைப்பது துறையின் விதிகளின்படி குற்றம். ஓட்டையும் படகுக்குச் சமமான வயதுள்ளது. ஆகவே ஓட்டையை அடைப்பது ஒரு தொன்மைச் சின்னத்தைச் சிதைப்பதாகும் என்று பல கூட்டங்கள் போட்டு முடிவு செய்து, அதன் பக்கத்தில் 'தொடாதீர்' என்று ஒரு பித்தளைத் தகட்டைப் பதித்திருந்தார்கள். தகட்டுக்கு ஆணி அடித்ததில் இன்னும் சில ஓட்டைகள் விழுந்தன. அவை புதியவை என்பதால் துணி வைத்து அடைக்கத் தடையில்லை.

அடிக்குறிப்புக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. துறையில் யாரும் அதை உபயோகித்ததில்லை. விடுப்பு விண்ணப்பத்தில் 'தலைவலி காரணமாக' என்று எழுதி, தலைவலியின் தலையில் ஒரு நட்சத்திரக் குறி போட்டு, பக்கத்தின் அடியில் 'இடப் பக்கம் மட்டும். ஒப்பிடுக: சென்ற மாத விண்ணப்பம்' என்று விளக்கம் தந்த மனிதரை வேறு எப்படித்தான் அழைப்பது?

படகின் மூக்கில் மூன்றாவதாக ஒருவர் கண்களை மூடிக்கொண்டு, மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார். அவர் ஒரு பெரிய விடுதி நிறுவனத்தின் 'அனுபவ வடிவமைப்பாளர்'. அவர் தொழில் என்னவென்று துறையில் யாருக்கும் புரியவில்லை. எனவே எல்லோரும் அவரை மரியாதையுடன் மேடம் என்றார்கள்.

மேடம் மூச்சை விட்டார். கண்ணைத் திறந்தார்.

"எங்களுக்கு வேண்டியது ரொம்ப சிம்பிள் சார். தீவு பழசா இருக்கணும். ஆளுங்க புதுசா இருக்கணும்."

"புரியல மேடம்," என்றார் அடிக்குறிப்பு.

"நாங்க இந்தத் தீவுல கட்டப்போறது மௌன விடுதி. விருந்தாளி வருவார், செல்போனைப் பிடுங்கிப்போம், பேச விடமாட்டோம், சன்னமா ஒரு கஞ்சி மாதிரி ஏதோ குடுப்போம். வீட்டுல பொண்டாட்டி இலவசமா செய்றதுதான். ஆனா இங்க அதுக்கு ஆயிரம் வருஷத்து மௌனம்னு பேர் வைப்போம். அதனால ஆயிரம் வருஷம் வேணும். ஆனா அந்த ஆயிரம் வருஷத்துல யாரும் இருந்திருக்கக் கூடாது."

"அப்ப ஆயிரம் வருஷமா யார் மேடம் மௌனமா இருந்தது?"

"அதுக்குத்தானே சார் உங்களைக் கூட்டிட்டு வந்திருக்கோம்!"

இயக்குநர் ரசித்துத் தலையாட்டினார். சட்டம் அப்படி. ஓரிடத்தில் நூறு ஆண்டுகளுக்கு மேல் குடியிருக்கும் எந்தச் சமயக் குடியிருப்பையும் அசைக்கக் கூடாது. அதற்குக் குறைவென்றால் தாராளமாக அசைக்கலாம், பெருக்கித் தள்ளலாம். காயல் தீவில் இருந்தது ஒரே ஒரு குடியிருப்பு, 'அமர்வோர் சபை'. அவர்களிடம் எந்த ஆவணமும் இல்லை. உப்புக் காற்று எல்லாத் தாளையும் எப்போதோ தின்று ஏப்பம் விட்டிருந்தது. எனவே துறை எழுதுவதுதான் வரலாறு. இன்று தீவிலேயே கூட்டம் போட்டு, 'சபை அண்மையில் வந்து ஒட்டிக்கொண்டது' என்று எழுதி, அடிக்குறிப்பு கையெழுத்துப் போட்டால் தீர்ந்தது காரியம்.

"அவங்களை நாங்க நடுத்தெருவுல விடல," என்றார் மேடம் பெருந்தன்மையுடன். "எல்லாருக்கும் சாம்பல் கலர்ல சீருடை. வரவேற்புக் கூடத்துல 'பாரம்பரிய மௌனர்'னு வேலை. என்ன, வாயைத் திறந்தா வேலை போயிரும்."

அடிக்குறிப்பின் குவளை அந்தரத்தில் நின்றது.

அவருடைய அக்கா அந்தத் தீவில்தான் இருந்தாள். இதை அவர் துறையில் சொல்லவில்லை. அக்கா ஒரு மருத்துவமனையில் தாதியாக இருந்தவள். அம்மா அப்பா போன பிறகு தம்பியைப் படிக்க வைத்தவளும் அவள்தான். வார்டில் நின்றாள், சமையலறையில் நின்றாள், பேருந்தில் நின்றாள். ஒருமுறை தடுப்பூசி போடுவதற்காகத் தீவுக்குப் போனாள். சபையார் ஊசிக்குக் கையை நீட்டுவதற்கு முன்னால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, 'உக்காருங்கம்மா' என்றார்கள். அக்கா உட்கார்ந்தாள். அதன் பிறகு எழுந்திருக்கவில்லை. ஊசிப் பெட்டியை மட்டும் படகில் திருப்பி அனுப்பினாள்.

"என்ன யோசிக்கிறீங்க? மொள்ளுங்க, மொள்ளுங்க," என்றார் இயக்குநர். "சரித்திரம் மூழ்குது."

*

அமர்வோர் சபையைப் பற்றி அறிஞர்கள் ஏராளமாக எழுதியிருக்கிறார்கள். அவர்களில் சிலர் தீவுக்கே வந்திருக்கிறார்கள். சபையின் மையத்தில் இருப்பது கடவுளின் உருவம் அல்ல. ஒரு நீள்வட்ட மேசை. மூலை இல்லாத அந்த மேசை, பிரபஞ்சத்துக்கு முடிவில்லை என்பதைக் குறிக்கிறது என்பது ஒரு கட்சி. பிரபஞ்சத்தில் ஒளிந்துகொள்ள மூலையில்லை என்பதைக் குறிக்கிறது என்பது எதிர்க்கட்சி. இரண்டு கட்சிக்காரர்களும் இன்றுவரை பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறார்கள்.

கூடம் நீளமாக, வெள்ளையடித்து, துடைத்துவிட்டாற்போல இருந்தது. மூன்று பக்கமும் பெரிய ஜன்னல்கள். மேசையைச் சுற்றி சாம்பல் உடையில் ஆண்களும் பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீர், அதன் மேல் ஒரு மூடி, பக்கத்தில் முக்கோணமாக நிற்கும் ஒரு சின்ன மரப்பலகை. பலகையில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. வெறுமையின் குறியீடு, என்று அடிக்குறிப்பு பழக்கதோஷத்தில் குறித்துக்கொண்டார்.

விருந்தினர் மூவருக்கும் சுவரோரம் நாற்காலி போட்டார்கள். மேசையின் ஒரு கோடியில் அக்கா இருந்தாள். தம்பியைப் பார்த்தாள். புருவத்தை மட்டும் ஒரு நூல் உயர்த்தினாள். 'இளைச்சுப் போயிட்ட' என்று அதற்கு அர்த்தம்.

மறு கோடியில் இருந்த முதியவர் தொண்டையைக் கனைத்தார். அவரைத் 'தலைவர்' என்றார்கள். எல்லோரும் கனைத்தார்கள். கூடம் முழுக்கக் கனைப்பு ஓர் அலைபோல ஓடி அடங்கியது.

அக்கா எழுந்திருக்காமலே, நீட்டி ராகம் போட்டாள்:

"முந்தைய அமர்வின் நடவடிக்கைகள் வாசிக்கப்பட்டன."

"உறுதி செய்யப்பட்டன," என்றது சபை.

"மேலிடத்திலிருந்து பதில் வந்ததா?"

"வரவில்லை."

"வருமா?"

"வரும். வரும்."

"அதுவரை?"

"ஒத்திவைக்கப்படுகிறது."

ஒருவர் கையைத் தூக்கி, "இது குறித்து விரிவாக விவாதிக்க வேண்டும்," என்றார். "வேண்டும்," என்றார்கள் மற்றவர்கள். அதன் பிறகு யாரும் பேசவில்லை. காற்று ஜன்னல் கதவைக் கொஞ்சம் அசைத்தது. மேசையின் நடுவில் இருந்த பருத்த மனிதரின் தலை மெல்ல மெல்லச் சரிந்து, தாடை மார்பில் பட்டு, சீரான ஓசையுடன் மூச்சு வரத் தொடங்கியது. மற்றவர்கள் அவரைப் பக்தியுடன் பார்த்தார்கள்.

"உறுப்பினர் ஆழ்ந்துவிட்டார்," என்று ஒரு பெண் கிசுகிசுத்தாள்.

அடிக்குறிப்பு பக்கத்தில் திரும்பினார். இயக்குநர் அழுதுகொண்டிருந்தார்.

"சார்?"

"முப்பது வருஷ சர்வீஸ்யா," என்றார் இயக்குநர் மூக்கை உறிஞ்சி. "எத்தனை கூட்டம் பாத்திருப்பேன். இவ்வளவு புனிதமா ஒண்ணைப் பாத்ததில்ல. யாரும் வாட்சைப் பாக்கல, கவனிச்சீங்களா?"

"இந்த ஃபீலை அப்படியே பாட்டில்ல அடைச்சு வித்துரலாம்," என்றார் மேடம், செல்போனில் படமெடுத்தபடி.

*

மணி அடித்தது. தேநீர் இடைவேளை. சபையின் மதத்தில் சொந்தப் பேச்சுக்கு அனுமதியுள்ள ஒரே நேரம் அது. அதுவரை கற்சிலைகளாக இருந்தவர்கள் கும்பல் கும்பலாக நின்று, யாருக்கு மூட்டுவலி, யார் பிஸ்கெட்டை இரண்டாக எடுத்தார் என்று வெளுத்து வாங்கினார்கள்.

பின்கட்டில் அக்கா தம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். அடிக்குறிப்பு துண்டை எடுத்துத் துடைக்கத் தொடங்கினார்.

"ஏன்டா இப்படி நனைஞ்சு வந்திருக்க? உங்க ஆபீஸ்ல படகு குடுக்கலையா?"

"குடுத்தாங்க. அதான் நனைஞ்சேன். அக்கா, நான் சொல்றதைக் கேளு. இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள உங்களைக் காலி பண்றதா இருக்காங்க."

"யாரு?"

"நாங்கதான்."

அக்கா ஒரு தம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். கறை இருந்தது. மறுபடி கழுவினாள்.

"எப்படிடா காலி பண்ணுவீங்க?"

"சபை நேத்து வந்ததுன்னு வரலாறு எழுதி. நான்தான் எழுதணும்."

"அப்ப எழுதாத."

"நான் எழுதலைன்னா வேற ஒருத்தன் எழுதுவான்க்கா. அவன் அடிக்குறிப்புகூடப் போட மாட்டான்."

அக்கா சிரித்துவிட்டாள். பிறகு ஈரக் கையால் அவர் தலையில் ஒரு தட்டு தட்டினாள். "இங்க பாரு. எனக்கு வேற போக்கிடம் இல்ல. உன் வீட்டுக்கு வந்தா உன் பொண்டாட்டி நல்லவதான், ஒண்ணும் சொல்ல மாட்டா. ஆனா நான் மறுபடி அடுப்படியில நிக்கணும். இங்க ஒரு நாற்காலி இருக்குடா. என்னோடது. காலையில போய் உக்காந்தா, ஏன் உக்காந்திருக்கேன்னு ஒருத்தரும் கேக்கறதில்ல."

"அதுல சாமி இருக்காக்கா?"

"எதுல?"

"அந்த உக்கார்றதுல."

"இருக்குமா இருக்கும். முதுகுவலி போயிருச்சே." அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். "ஏதாவது பண்ணுடா. நீ படிச்சவன்தானே."

அடிக்குறிப்பு மனதுக்குள் தான் படித்ததை எல்லாம் ஒருமுறை புரட்டிப் பார்த்தார். பெரும்பாலும் சுற்றறிக்கைகள்.

*

இடைவேளைக்குப் பிறகு இயக்குநர் எழுந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு கடமைக்குத் திரும்பினார்.

"பெரியவர்களே, தாய்மார்களே. உங்க சபை இங்க அண்மையில வந்ததா எங்க துறை கருதுது. அதனால இடத்தைக் காலி பண்ணணும். உங்க கருத்தைச் சொல்லலாம். சொன்னாலும் எடுத்துக்க மாட்டோம்."

தலைவர் தம்ளரின் மூடியைத் திறந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்து, மறுபடி மூடினார்.

"தங்கள் கோரிக்கை பதிவு செய்யப்பட்டது. துணைக்குழுவின் பரிசீலனைக்கு அனுப்பப்படும்."

"துணைக்குழு எப்ப கூடும்?" என்று இயக்குநர் கேட்டார். கேட்க வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. நாக்கு தானாகக் கேட்டது.

"முழுக்குழு அதை அமைச்ச பிறகு."

"முழுக்குழு எப்ப அமைக்கும்?"

"துணைக்குழு பரிந்துரை செஞ்ச பிறகு."

"பலே!" என்றார் இயக்குநர், தன்னை மறந்து.

அடிக்குறிப்பின் பேனா நின்றது. இந்த வார்த்தைகளை அவர் எந்தக் கோயிலிலும் கேட்டதில்லை. வாரா வாரம் திங்கட்கிழமை கேட்டிருக்கிறார். நீள்வட்ட மேசை. மூடி போட்ட தண்ணீர். எழுத்தெல்லாம் அழிந்துபோன அந்த முக்கோணப் பலகை... அது வெறுமையின் குறியீடு இல்லை. பெயர்ப்பலகை!

அவர் எழுந்தார்.

"ஐயா, ஒரு சந்தேகம். உங்க சபையை ஆரம்பிச்ச அருளாளர் யாரு?"

"அருளாளரா?" தலைவர் குழம்பினார். "அப்படி யாரும் இல்லையே. முதல் தலைவர்தான். எனக்கு முன்னால பல பேருக்கு முன்னால இருந்தவர்."

"அவர் தண்ணி மேல நடந்து வந்தாரா?"

"படகுல வந்தார். ஓட்டைப் படகுன்னு நடவடிக்கைக் குறிப்புல இருக்கு. எங்களுக்கு அதெல்லாம் மனப்பாடம்."

"அவரை இங்க அனுப்பினது?"

"மேலிடம்."

அடிக்குறிப்பு விரலை உயர்த்தி விட்டத்தைக் காட்டினார். "மேல இருக்கிற மேலிடமா?"

தலைவர் அவரை இரக்கத்துடன் பார்த்தார். பிறகு கையை நீட்டி, ஜன்னல் வழியாக, காயலுக்கு அக்கரையில் மங்கலாகத் தெரிந்த நகரத்தைக் காட்டினார். அங்கே கட்டடங்களுக்கு நடுவில் பழுப்பு நிறத்தில் ஓர் அரசு அலுவலகம் தெரிந்தது.

"அங்க. மூணாவது மாடி."

இயக்குநர் ஜன்னலுக்குப் போய் எட்டிப் பார்த்தார்.

"மூணாவது மாடி நம்ம துறைய்யா."

"ஆமா சார்."

"அப்ப இவங்க தினமும் வேண்டிக்கிற மேலிடம்...?"

"நீங்கதான் சார்."

இயக்குநர் கால்சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். சட்டைக் காலரைச் சரிசெய்தார். ஒரு மனிதன் தான் கடவுள் என்று அறியும் தருணத்தில் வேறு என்ன செய்ய முடியும்?

"இது சபை இல்ல சார்," என்றார் அடிக்குறிப்பு. குரல் கிறீச்சிட்டது. "நம்ம துறை அனுப்பின கமிட்டி! திரும்பிப் போகப் படகு வரல, அப்படித்தானேய்யா?"

"போய்வர அனுமதி கேட்டோம்," என்றார் தலைவர். "போக மட்டும் வந்துச்சு. வர்றதுக்கு 'பரிசீலனையில்'னு ஒரு தகவல். காத்திருந்தோம். நடுவுல சிலர் இறந்தாங்க. காலியிடம் வந்தா நாங்களே நிரப்பிக்கலாம்னு விதி இருந்துச்சு. நிரப்பிக்கிட்டோம். இவங்ககூட அப்படி வந்தவங்கதான்." அக்காவைக் காட்டினார்.

அக்கா வாயைப் பிளந்துகொண்டு தன் நாற்காலியின் கைப்பிடிகளைப் பார்த்தாள். இத்தனை காலம் துறவு என்று நினைத்தது பணி நியமனம்.

மேடம் துள்ளி எழுந்தார். "வாட் நான்சென்ஸ்! சபையோ கமிட்டியோ, தூக்குங்க சார் முதல்ல!"

"எப்படிம்மா தூக்குறது?" இயக்குநரின் குரலில் புதியதொரு கம்பீரம் இறங்கியிருந்தது. "அறிக்கை தராத கமிட்டி கூடியிருக்கிற இடத்துல யாரும் கை வைக்கக் கூடாது. நானே போட்ட சுற்றறிக்கை அது."

"அப்ப அறிக்கையை இப்பவே குடுக்கச் சொல்லுங்க!"

கூடமே அதிர்ந்தது. ஆழ்ந்திருந்த உறுப்பினர்கூட விழித்துக்கொண்டார். இயக்குநர் காதைப் பொத்திக்கொண்டார்.

"என்ன பேச்சு பேசுறீங்க மேடம்! ஒரு கமிட்டிகிட்டப் போய்... அறிக்கை கேக்கறதா? அதுவும் பெரியவங்க முன்னால?"

அவர் மேசையருகே வந்து, வலது கையை உயர்த்தினார். "மேலிடத்தின் சார்பில் அறிவிக்கிறேன். இந்தக் கமிட்டிக்குக் கால நீட்டிப்பு வழங்கப்படுகிறது. வரம்பு இல்லை."

சபை இதற்காகத்தான் தலைமுறை தலைமுறையாக உட்கார்ந்திருந்தது. யாரோ விம்மினார்கள். "வந்துருச்சு, பதில் வந்துருச்சு," என்று ஒரு மூதாட்டி பக்கத்துப் பெண்ணின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அக்கா தம்பியைப் பார்த்த பார்வையில், படிக்க வைத்ததற்கெல்லாம் வட்டியும் முதலும் கிடைத்துவிட்ட நிறைவு இருந்தது. சுவரோரம் மேடம் ஏற்கெனவே செல்போனில் யாரிடமோ, "பிளான் மாறுது. மௌனம் வேணாம். 'முடிவில்லா மீட்டிங் அனுபவம்'. ஆமா, வெளிநாட்டு மேனேஜருங்க க்யூவுல நிப்பாங்க," என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அடிக்குறிப்புக்குச் சிறகு முளைத்தாற்போல இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அவருடைய படிப்பு ஒருவருக்குப் பயன்பட்டிருக்கிறது. அதுவும் அக்காவுக்கு. இனி எந்தக் கொம்பனாலும் அவளை அந்த நாற்காலியிலிருந்து எழுப்ப முடியாது. அவர் அட்டையை எடுத்தார். அருளாளரை அடித்தார். வணங்கிய காயலை அடித்தார். 'கமிட்டிக்குக் கால நீட்டிப்பு. வரம்பு இல்லை' என்று புதிதாக எழுதி, கமிட்டி என்ற சொல்லின் தலையில் ஆசையாக ஒரு நட்சத்திரக் குறி போட்டார்.

"ஐயா, ஒரே ஒரு விவரம். குறிப்புக்காகத்தான். கமிட்டியை எதுக்காக அமைச்சாங்க?"

தலைவர் இரண்டு கைகளையும் மேசையில் ஊன்றி, எழுந்து நின்றார். சபையில் யாரும் அவர் நின்று பார்த்ததில்லை.

"முதல் அமர்வோட நடவடிக்கை தலைவருக்கு மட்டும்தான் தெரியும். மேலிடத்துலருந்து யாராவது கேட்டா சொல்லணும்னு எனக்குச் சொல்லிவெச்சாங்க. இப்பதான் கேட்டிருக்கீங்க."

கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தார்.

"'கமிட்டியின் பணி: காயல் தீவில் மக்கள் எவரேனும் குடியிருக்கிறார்களா என்று நேரில் கண்டறிந்து தெரிவித்தல்.'"

"அட, இவ்வளவுதானா!" என்றார் இயக்குநர். "யாரும் இல்லைன்னு ஒரு வரி போட்டிருந்தா முடிஞ்சுது."

"இருந்தாங்க," என்றார் தலைவர்.

அடிக்குறிப்பு நிமிர்ந்தார். "இருந்தாங்களா?"

"வலை போடுறவங்க. குடும்பம் குடும்பமா. எத்தனை பேருன்னு குறிப்பு இல்ல, எண்ணுறதுக்கு முன்னாலயே கூட்டத்தை ஆரம்பிச்சுட்டாங்க. இருந்த ஒரே பெரிய கட்டடம் இதுதான், அவங்க கட்டினது. 'குழந்தைகளின் கூச்சலால் விவாதம் தடைப்படுவதால், கூட்டம் முடியும்வரை குடியிருப்போர் அனைவரும் வெளியே காத்திருக்க வேண்டும் எனத் தீர்மானிக்கப்பட்டது.' அதுதான் முதல் தீர்மானம். அவங்களும் மரியாதைக்காரங்க. மறுத்துப் பேசல."

"வெளியேன்னா? வாசல்லயா?"

"வாசல்லருந்தும் சத்தம் கேட்டுச்சாம். இன்னும் தள்ளிப் போகச் சொன்னாங்க. அப்பறம் இன்னும் தள்ளி."

அடிக்குறிப்பு ஜன்னலைப் பார்த்தார். சின்னத் தீவு. சுவரைத் தாண்டினால் ஒரு முழம் மணல். அதற்கப்புறம், மூன்று பக்கத்து ஜன்னலிலும், தண்ணீர்.

"அவங்ககிட்ட தோணி இருந்ததாய்யா?"

"'கமிட்டியின் உபயோகத்துக்காகத் தோணிகள் எடுத்துக்கொள்ளப்பட்டன.'" தலைவர் கண்ணைத் திறக்கவில்லை. குரல் சீராக, ராகம் பிசகாமல் போனது. "'மாலையில் காற்று பலத்தது. வெளியிலிருந்து கூக்குரல் அதிகமாக வந்ததால் ஜன்னல்கள் சாத்தப்பட்டன. விவாதம் தொடர்ந்தது. மறுநாள் காலை முந்தைய அமர்வின் நடவடிக்கைகள் வாசிக்கப்பட்டன. உறுதி செய்யப்பட்டன.'"

அவர் உட்கார்ந்தார்.

"நான் தினமும் காலையில உறுதி செய்றேனே," என்றாள் அக்கா மெல்ல. "அது..."

"அதையும் சேர்த்துதாம்மா."

அக்காவின் கை நாற்காலியின் கைப்பிடியிலிருந்து விலகியது. அவள் தம்பியைப் பார்த்தாள். அவர் அட்டையைப் பார்த்தார். 'வரம்பு இல்லை' என்பதில் மை இன்னும் காயவில்லை.

இயக்குநர் மட்டும் உற்சாகம் குறையாமல் இருந்தார். கைகளைத் தேய்த்துக்கொண்டு கேட்டார்:

"அந்தத் தீர்மானத்துக்கு அவங்ககிட்டருந்து ஆட்சேபணை ஏதாவது வந்துச்சா?"

"இன்னிக்கு வரைக்கும் ஒண்ணும் வரல."

"அப்பறம் என்ன?" அவர் அடிக்குறிப்பின் தோளில் தட்டினார். "'ஏகமனதாக'ன்னு எழுதுங்க."